கம்பளக் கத்தியின் கதை

காசிக்கு வரும் நம்மவர்கள் கங்கா ஸ்நானம், விசுவநாதர் தரிசனம், பனாரஸ் பட்டு எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கேட்பது, "கார்பெட் எங்கே நன்றாகக் கிடைக்கும்?" என்றுதான். பதோஹி இங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். போய் வாங்கியும் வந்துவிடுவார்கள். அடுத்த கேள்வி ரயில் ஏறும் முன் வரும். "நம்ம ஹாலுக்கு ஒரு அடி நீளமா இருக்கும்போல இருக்கே, ஓரமா வெட்டிக்கலாமா?"

வெட்டலாமா கூடாதா என்பது அது எந்த வகைக் கம்பளம் என்பதைப் பொறுத்தது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் முழுக்கத் துணி ஒட்டியிருந்தால் அது 'டஃப்டட்' வகை. துணியில் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் ரப்பர் பசை பூசி ஒட்டியது. அதை வெட்டலாம். பின்பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடு போட்ட கட்டரால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் எடுத்தால் ஓரம் பல் பல்லாக வரும். பசை பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் நுனியை அடிக்கடி உடைக்க வேண்டியிருக்கும். இந்த உடைக்கிற பிளேடு ஜப்பானின் ஒசாகாவில் 1956இல் யோஷியோ ஒகாடா என்பவர் கண்டுபிடித்தது. சாக்லேட் கட்டியைக் கோடு கோடாக உடைப்பதைப் பார்த்து வந்த யோசனையாம்.

பின்பக்கத்திலும் அதே பூ, அதே கொடி, குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிகிறதா? அப்படியானால் அது கையால் முடிச்சுப் போட்டது. தயவுசெய்து வெட்டாதீர்கள். முடிச்சைத் தாங்கும் பாவு நூல் அறுந்தால் ஓரத்து முடிச்சுகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்துவிடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ரஃபூகரிடம் கொடுத்து ஓரம் கட்டி வாங்க வேண்டும். அதற்கு ஹாலை மாற்றிக்கொள்வது சுலபம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் வெட்டத் தயங்கும் இந்தக் கம்பளம் ஏற்கெனவே பல லட்சம் முறை வெட்டப்பட்டதுதான். அந்தக் கத்தியின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நம் பவானி ஜமக்காளத்தில் பாவும் ஊடையும் மட்டும்தான். முடிச்சுக் கம்பளத்தில் மூன்றாவதாக ஒரு கம்பளி நூல் உண்டு. நெசவாளர் அதை இரண்டு பாவு நூல்களில் சுற்றி, கீழே இழுத்து, அதே கையசைவில் சிறு கத்தியால் அறுத்துவிடுவார். அறுந்த நுனிகள்தான் நம் காலுக்கு மெத்தென்று படுபவை. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை போட்டு, 'பஞ்ஜா' என்கிற இரும்புச் சீப்பால் அடித்து இறக்குவார்கள்.

பேங்க்காரன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று வையுங்கள். சதுர அடிக்கு 14,400. ஆறுக்கு ஒன்பது அடிக் கம்பளத்துக்கு 7,77,600 முடிச்சு. முடிச்சுக்கு ஒரு வெட்டு. ஒருவர் நாளைக்கு 6,000 போட்டாலும் 130 நாள். அதனால்தான் கத்தி விஷயத்தில் நெசவாளர்கள் அவ்வளவு கறார். உள்ளங்கையில் அடங்க வேண்டும், எடை கூடக் கூடாது, முடிச்சுப் போடும்போது கீழே வைக்காமல் கையிலேயே இருக்க வேண்டும். ஈரானின் தப்ரீஸ் நெசவாளர்கள் கத்தி நுனியில் ஒரு கொக்கி வைத்துக்கொண்டு, பாவு நூலை இழுக்க விரலுக்குப் பதில் அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கொக்கியை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கத்திக்கு வயசு அதிகம். முழுதாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் 1949இல் சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பாசிரிக் என்ற இடத்தில் உறைந்துபோன கல்லறை ஒன்றில் அகப்பட்டது. கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு. அதில் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 230 முடிச்சு! அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய வெண்கலக் காலத்துப் பெண்களின் கல்லறைகளில், துர்க்மெனிஸ்தானின் சும்பர் ஆற்றுப் பக்கம், வளைந்த சிறு கத்திகள் கிடைத்தன. அவை கம்பளக் கத்திகள்தான் என்று வாதிட்டார் க்லோபின் என்ற தொல்லியலாளர். கம்பளி மக்கிப்போய்விட்டது, கத்தி மிஞ்சிவிட்டது.

நம் நாட்டில், அக்பர் காலத்தில் ஆக்ரா, ஃபதேபூர், லாகூரில் கம்பளம் நெய்தார்கள் என்று அபுல் ஃபஸல் தன் 'அயினி அக்பரி'யில் எழுதுகிறார். அந்தக் காலத்தில் வழியில் தங்கிய ஈரானிய உஸ்தாதுகள் மாதோசிங் கிராமத்தில் தறி போட்டதுதான் தொடக்கம் என்பது பதோஹிக்காரர்கள் சொல்லும் கதை. ஆங்கிலேயர் காலத்தில் சிறைச்சாலைகளிலும் தறிகள் வந்தன. கைதி கையில் கத்தியைக் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்கள், பாருங்கள். விக்டோரியாவின் பொன்விழாவுக்காக ஆக்ரா சிறையில் நெய்த கம்பளம் இன்றும் விண்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. 1992 தீ விபத்தின்போது அதைச் சுருட்டித் தூக்க ஐம்பது சிப்பாய்கள் வேண்டியிருந்ததாம்.

இங்கிலாந்தின் வில்டனில் இந்தக் கத்தி தறிக்குள்ளேயே போய்விட்டது. நூலைக் கம்பிமேல் வளையம் வளையமாக நெய்வார்கள். கம்பி நுனியில் பிளேடு. கம்பியை உருவினால் வளையங்கள் வரிசையாக அறுபடும். ஆக்ஸ்மின்ஸ்டரில் 1755இல் தாமஸ் விட்டி துருக்கிக் கம்பளத்தைப் பார்த்து முடிச்சுக் கம்பளம் போட ஆரம்பித்தபோது, அவருடைய முதல் நெசவாளர்கள் யார் தெரியுமா? சொந்தப் பிள்ளைகள். மேற்பார்வைக்கு வீட்டுப் பெண் ஒருவர்.

ஆக, பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்தது நாம் மட்டும் செய்த காரியமல்ல. ஆனால் அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்து நெடுங்காலம் விற்றது இங்கேதான் அதிகம். "சின்ன விரல்தான் சின்ன முடிச்சுப் போடும்" என்பது அது. 1938 சட்டத்திலேயே கம்பள நெசவு சிறுவர்களுக்குத் தடை செய்த தொழில். 1986 சட்டத்திலும் அப்படியே. ஆனால் குடும்பத்தார் உதவியோடு வீட்டில் செய்தால் தடையில்லை என்று ஒரு ஓட்டை. கூலிக்கு வந்த பையனெல்லாம் மருமகன், அண்ணன் மகன் ஆனான். 1980களில் அன்றைய பிகாரின் பலாமூ மாவட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் மிர்சாபூர்ப் பக்கத்துத் தறிகளிலிருந்து மீட்கப்பட்டார்கள். கத்தி விரலில் பட்டால் தீக்குச்சி மருந்தைக் காயத்தில் வைத்துக் கொளுத்தி ரத்தத்தை நிறுத்தினார்கள் என்று மீட்கப்பட்ட பிள்ளைகள் சொன்னது பதிவாகியிருக்கிறது.

அந்தத் தத்துவம் உண்மைதானா என்று லெவிசன், ஆங்கர், அஷ்ரஃப், பார்கே என்ற நால்வர் ஐ.எல்.ஓ.வுக்காக ஆராய்ந்து 1996இல் எழுதினார்கள். நுண்ணிய முடிச்சுக்குக் குழந்தை விரல் தேவையில்லை, மிக நுண்ணிய வேலையைப் பெரும்பாலும் பெரியவர்களே செய்கிறார்கள் என்பது முடிவு. தப்ரீஸ் கொக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் பெரிதாக இருந்தால் கருவியைத் திருத்துவதுதானே தொழில்? சிறுவர் கூலியால் மிச்சமாகும் பணம் ஒன்றிரண்டு தறி வைத்திருக்கும் சின்ன முதலாளிக்குத்தான் பெரிது, வெளிநாட்டுக் கடை விலையில் அது சொற்பம் என்றும் சொன்னார்கள். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. ஏற்றுமதிக்காரர் தரும் நூலும் முன்பணமும் தறிக்காரரின் கழுத்தில் இருக்கும்போது, அவருக்குக் குறைக்க முடிந்த ஒரே செலவு கூலி.

கம்பளம் தறியிலிருந்து இறங்கியபின் நடக்கும் வெட்டும் பெரியவர் கைவேலைதான். பூவின் விளிம்பை மட்டும் தாழக் கத்தரித்துப் பூவை எழும்பி நிற்க வைப்பதற்கு 'குல்தராஷ்' என்று பெயர். குல் என்றால் பூ, தராஷ் என்றால் செதுக்குவது. ஒரு நூல் ஆழம் கூடினால் நெசவாளரின் நான்கு மாத உழைப்பு போச்சு. அந்தக் கத்தரியைச் சின்னப் பையன் கையில் கொடுத்துப் பார்க்க எந்த வியாபாரியும் துணியமாட்டார்!

1994இல் கைலாஷ் சத்யார்த்தி முதலானோர் முயற்சியில் 'ரக்மார்க்' லேபிள் வந்தது. சிறுவர் உழைப்பு இல்லாத தறியில் நெய்தது என்பதற்கு அடையாளம். 2009இல் அதன் பெயர் 'குட்வீவ்' ஆனது. சத்யார்த்திக்கு 2014இல் நோபல் அமைதிப் பரிசு. 2016 திருத்தத்துக்குப் பின் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. ஆனால் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற வாசல், சில கட்டுப்பாடுகளோடு, இன்னும் இருக்கிறது.

எனவே கடையில் கம்பளத்தைத் திருப்பிப் போடும்போது முடிச்சை எண்ணுவதோடு நிறுத்தாமல் ஓரத்தில் லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதில் ஓர் எண் இருக்கும். இல்லையென்றால் யார் தறியில் நெய்தது என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு ஊர்ப் பெயராவது தெரிந்திருக்கும். அப்புறம், ஹாலின் அளவைக் கிளம்பும் முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.