சிந்தாதிரிப்பேட்டைத் தறிகள்

சோழமண்டலக் கரையில் துணி கொள்முதல் செய்யவந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், நெசவாளர்களோடு நேர்ப் பரிச்சயம் இல்லாதவர்களாதலால், மாதிரித் துணிகளையும் முன்பணத்தையும் காசி வீரண்ணா போன்ற உள்ளூர்ப் பெருவர்த்தகர்களிடம் ஒப்படைத்து, கிராமந்தோறும் நெய்வித்து, வந்த சரக்கை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தே ஏற்றுக்கொண்டனர். நீளம் குறைந்தாலும் இழை தளர்ந்தாலும் கிரயம் குறைக்கப்படும், அல்லது துணியே நிராகரிக்கப்படும். அந்த நஷ்டம் பெரும்பாலும் தறியில் அமர்ந்தவன் தலையிலேயே விழுந்ததைச் சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது நியாயமன்று. பின்னர், வேண்டிய அளவு துணி கிடைப்பது அரிதாகவே, 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னைக் கவர்னராயிருந்த காலத்தில், கூவம் நதி வளைந்தோடும் இடத்திலிருந்த வர்த்தகர் சுங்குராமரின் தோட்டத்தில், நூற்போரும் நெய்வோரும் சாயமிடுவோரும் வெளுப்போரும் அருகருகே குடியிருந்து தொழில் செய்யுமாறு சிந்தாதிரிப்பேட்டை நிர்மாணிக்கப்பட்டது.