போஸ்ட்மார்ட்டத்திலிருந்து ஒரு துளி ரத்தத்துக்கு

1901 நவம்பர், பிராங்க்ஃபர்ட் மனநலக் காப்பகம். டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் 51 வயதுப் பெண்மணியிடம் பெயர் கேட்கிறார். "அகுஸ்டே." குடும்பப் பெயர்? "அகுஸ்டே." கணவர் பெயர்? "அகுஸ்டேன்னுதான் நினைக்கிறேன்." காணாமல் போயிருந்த இந்தக் கோப்பு 1995இல் பிராங்க்ஃபர்ட்டிலேயே கிடைத்தது.

அகுஸ்டே டேட்டர் 1906 ஏப்ரலில் இறந்தார். அவர் மூளையை வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்த அல்சைமர், செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முடிச்சுகளையும் கண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள், நோயை உறுதி செய்ய மூளையையே பார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் இறந்த பிறகு.

சர்வர் விழுந்தபின் நாங்கள் எழுதும் அறிக்கைக்கும் பெயர் போஸ்ட்மார்ட்டம்தான். ஆனால் எங்களுக்கு லாக் இருக்கும், சிஸ்டம் ஓடும்போதே பார்க்கலாம். மூளைக்கு லாக் எங்கே?

1980களில் படிவு அமிலாய்டு என்றும் முடிச்சு டாவ் என்றும் தெரிந்தது. 1990களில் ஸ்வீடனின் காய் பிளென்னோ போன்றோர் முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரில் டாவை அளந்தார்கள். 2002இல் உப்சலாவில் உயிரோடிருப்பவரின் அமிலாய்டு முதன்முறையாக ஸ்கேனில் தெரிந்தது.

ரத்தம்தான் கடைசியில் வழிக்கு வந்தது. காரணம், அளவு. ரத்தத்தில் இந்த டாவ் துணுக்கு ஒரு மில்லிலிட்டருக்குப் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கும். பிகோகிராம் என்றால் கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 2010இல் டேவிட் வால்ட்டும் சகாக்களும் வெளியிட்ட சிமோவா முறை, கலங்கலாக ஒளியை அளப்பதை விட்டுவிட்டது. மூலக்கூறுகளைத் தனித்தனி நுண்குழிகளில் பிரித்து, ஒளிர்ந்தால் 1, இல்லையென்றால் 0 என்று எண்ணியது. படித்தபோது, அட, நம்ம ஆளுங்க வேலை மாதிரி இருக்கேன்னு தோணுச்சு.

அப்படி எண்ணக் கிடைத்தவற்றில் ஒன்று நியூரோஃபிலமென்ட். நரம்பு இழை சிதைந்தால் கூடும். ஏஎல்எஸ், மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், டிமென்ஷியா எல்லாவற்றிலும் கூடும். எரர் என்று சொல்லும், எந்த எரர் என்று சொல்லாது. அதைச் சொன்னது பி-டாவ்217. 2020இல் வந்த ஆய்வு, இது அல்சைமரை மற்ற மூளைச் சிதைவு நோய்களிலிருந்து பிரித்துக் காட்டுவதைக் காட்டியது. கொலம்பியாவில் மரபணுவாலேயே அல்சைமர் வரும் குடும்பத்தாரிடம், மறதி தொடங்கும் காலத்துக்குச் சுமார் 20 ஆண்டுகள் முன்பே, 25 வயதுவாக்கிலேயே இது உயர்ந்திருந்தது.

பிரித்தறிவது வெறும் பெயர் விஷயமில்லை. லூயி பாடி டிமென்ஷியா உள்ளவருக்கு ஹாலோபெரிடால் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அமிலாய்டை அகற்றும் மருந்து, அமிலாய்டு இல்லாதவருக்கு வீண்.

2025 மே மாதம் அமெரிக்க எஃப்டிஏ முதல் அல்சைமர் ரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. அறிகுறி உள்ள, 55 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும். சிறுநீரகம் பழுதானாலும் பி-டாவ் ஏறும் என்பதால், எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

எனக்கு முப்பதுகள். இன்றே தெரிந்துகொள்ளணுமா என்று கேட்டால், வேண்டாம். தெரிந்தும் நிறுத்த வழியில்லை. ஆனால் பாட்டி எங்கள் பெயரை மறந்தபோது "வயசாச்சுல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதாது.