க்னோம் மேசைத்தளத்தில் அமைப்புத் தெரிவுகளின் சுருக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாறு பெரும்பாலும் புதியன சேர்க்கப்பட்டதன் வரலாறாகவே எழுதப்படுகின்றது. மிகையானவை நீக்கப்பட்டதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதற்கு, லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகளில் இயங்கும் க்னோம் மேசைத்தளம் சான்றாகும்.

1997 இல் தொடங்கப்பெற்ற இக்கட்டற்ற மென்பொருள் முயற்சியிற் பங்குகொண்டோர் பெரும்பாலும் நிரலாளரே. அவர்கள் முரண்பட்டவிடத்து, இருவர் விருப்பையும் தெரிவுகளாக அமைப்புப் பட்டியலிற் சேர்ப்பது எளிய சமரசமாயிற்று. அதன் சுமை பொதுப் பயனரைச் சார்ந்தது. 2001 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் நடாத்திய பயன்பாட்டு ஆய்வு, அவர்கள் இடர்ப்படும் இடங்களைப் புலப்படுத்தியது.

ஒவ்வொரு தெரிவுக்கும் விலையுண்டு என ஹவோக் பென்னிங்டன் வாதிட்டார். தெரிவுகள் பெருகின் வேண்டியது கண்ணுக்குத் தப்பும். ஆம், இல்லை என்ற இரு நிலைகளையுடைய தெரிவுகள் பத்து இருப்பின் 1024 சேர்க்கைகள் உருவாகும். அவையனைத்தையும் சோதித்தல் அரிது. 2002 இல் வெளிவந்த க்னோம் 2.0 பல தெரிவுகளைக் களைந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. பயனரை அறிவிலிகளாகக் கருதும் போக்கு இதுவென 2005 இல் லினஸ் டோவால்ட்ஸ் கண்டித்து, கேடிஈ மேசைத்தளத்தைப் பரிந்துரைத்தார். 2011 இல் க்னோம் 3 வெளியானபோது, பட்டியலில் இல்லாத தெரிவுகளை நாடுவோர்க்கென ட்வீக் டூல் என்னும் தனிக்கருவி தோன்றியமை நோக்கற்பாலது.

கட்டற்ற மென்பொருளின் நிரலை மாற்றும் உரிமை அனைவர்க்கும் உண்டு. ஆற்றலோ சிலர்க்கே உண்டு. ஏனையோர்க்குப் பட்டியலே அவ்வுரிமையின் எல்லையாகின்றது. ஆதலின், எதனை நீக்குவது என்னும் வினா, யாருக்காக யார் தீர்மானிப்பது என்னும் வினாவாகவே முடிகின்றது.