அரசியலமைப்புக்குப் பொருள்கோடல்: ஊவா மாகாணம்

அப்புத்தளை அடங்கும் பதுளை மாவட்டமும் மொனராகலையும் சேர்ந்தது ஊவா மாகாணம். இலங்கை மாகாணங்களுக்குத் தனி அரசியலமைப்பு கிடையாது. 1987இன் 13ஆம் திருத்தமே அவற்றின் அதிகாரப் பத்திரம். அதற்குப் பொருள் சொல்லும் உரிமை அமைச்சரவைக்கோ மாகாண சபைக்கோ இல்லை. 125ஆம் உறுப்புரைப்படி உயர் நீதிமன்றத்துக்கே உண்டு. ஹொங்கொங்கில் நிலைமை வேறு. அங்கே அடிப்படைச் சட்டத்தின் இறுதிப் பொருள்கோடல் பீஜிங்கிலுள்ள சீன நாடாளுமன்றத்தின் நிலைக்குழுவிடம் இருக்கிறது.

13ஆம் திருத்தத்தின் மாகாண சபை நிரலில் உள்ள விடயம் பற்றிய மசோதா எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும். ஒரு சபையேனும் உடன்படாவிட்டால், நாடு முழுவதற்கும் பொருந்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. மத்திய அரசின் ‘வாழ்வின் எழுச்சி’ மசோதாவை மாகாண சபைகளுக்கு அனுப்பாமல் நிறைவேற்ற முடியாது என 2012இல் உயர் நீதிமன்றம் இவ்விதிப்படி தீர்மானித்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார். வரம்பு ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

மலையகத்தை நேரடியாகத் தொட்டது இராகலை ஸ்டாஃபோர்ட் தோட்ட வழக்கு. அரச காணியிலிருந்து வெளியேறும்படி விடுத்த அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணையால் விசாரிக்கலாமா என்பதே கேள்வி. அரச காணி மாகாணங்களுக்குக் கைமாறவில்லை, ஆகவே முடியாது என 2013 செப்டெம்பர் 26இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், ஊவாத் தோட்டங்களில் அரச காணியில் குடியிருப்போரும் இத்தகைய அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை கோரிப் பதுளை மேல் நீதிமன்றத்தை நாட முடியாது. மத்தியைக் கட்டுப்படுத்தும் அதே நீதிமன்றப் பொருள்கோடல், மாகாணத்தையும் சுருக்கியது.

அந்தச் சுருங்கிய அதிகாரத்தைச் செலுத்த வேண்டிய ஊவா மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2014 செப்டெம்பரில் நடந்தது. அதன் பதவிக்காலம் 2019இல் முடிந்தது.