மௌனமாக நடைபெறும் திருத்தங்கள்

பத்திரிகை அலுவலகங்களில் ஒப்புநோக்குநர்கள் செய்யும் பணியை வாசகர்கள் அறிவதில்லை. எழுதியவரின் பிழையை இன்னொருவர் திருத்துகிறார். பெயர் எழுதியவருக்கே போய்ச் சேருகிறது. இணையத்தளங்களைப் பார்வையிட நாம் பயன்படுத்தும் உலாவிகளும் இத்தகைய பணியையே நீண்டகாலமாகச் செய்துவருகின்றன என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

இதன் வேர் 1990களின் நடுப்பகுதியில் இருக்கிறது. அன்று நெற்ஸ்கேப் உலாவி 'மொஸில்லா' என்ற பெயரால் தன்னை இணையத்தளங்களுக்கு அறிமுகம் செய்துகொண்டது. அப்பெயரைக் கண்டால் மாத்திரமே சில தளங்கள் தமது முழுமையான பக்கங்களை அனுப்பின. எனவே போட்டிக்கு வந்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரர்நெற் எக்ஸ்புளோரரும் 'மொஸில்லா' என்றே கூறிக்கொண்டு, தனது உண்மைப் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொண்டது. நெற்ஸ்கேப் மறைந்து பல வருடங்கள் கடந்துவிட்ட போதிலும், குரோம், சபாரி உட்பட பிரதான உலாவிகள் யாவும் இன்றும் அந்தப் பெயரையே முதலில் உச்சரிக்கின்றன.

பெயரைப் பார்த்துப் பாகுபாடு காட்டும் இவ்வழக்கத்தினால் பெரிதும் பாதிக்கப்பட்டது நோர்வேயின் ஒபேரா உலாவியாகும். மைக்ரோசொப்டின் எம்.எஸ்.என். தளம் ஒபேரா 7க்கு மட்டும் வேறொரு வடிவமைப்புக் கோப்பை அனுப்புவதாகவும், அதனால் பக்கத்தின் பகுதிகள் 30 புள்ளிகள் இடப்புறம் விலகிச் சிதைவதாகவும் 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒபேரா நிறுவனம் அம்பலப்படுத்தியது. 'ஒபேரா' என்ற பெயரை 'ஒப்ரா' என்று மாற்றியதும் அதே உலாவிக்குச் சரியான கோப்பு கிடைத்ததாம்! அவ்வாண்டு பெப்ரவரி 14ஆம் திகதி அந்நிறுவனம் வெளியிட்ட சிறப்புப் பதிப்பு, எம்.எஸ்.என். தளத்தின் சொற்களை மாத்திரம் மப்பெட் ஷோ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் சுவீடன் சமையற்காரப் பொம்மையின் உளறலாக மாற்றிக் காட்டியது.

கேலி செய்வதால் மட்டும் பயனருக்குப் பக்கம் சரியாகத் தெரிந்துவிடாது. 2005ஆம் ஆண்டில் ஒபேரா 8உடன் வேறொரு வழி கையாளப்பட்டது. குறிப்பிட்ட தளங்களின் பிழைகளைப் பயனரின் கணினியிலேயே திருத்தும் சிறு கோப்பொன்று தானாகவே தரவிறக்கப்பட்டு, அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டது. 2009இல் பத்தாம் பதிப்பு வந்தபோது இன்னொரு வேடிக்கை. பதிப்பு இலக்கத்தின் முதல் எண்ணை மட்டும் வாசித்த தளங்கள் '10'ஐ '1' என்று கொண்டன. ஆகவே ஒபேரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டு, உண்மையான இலக்கத்தை வரியின் கடைசியில் ஒளித்துவைத்தது.

இந்தச் சுமையைச் சிறிய நிறுவனமொன்றினால் எவ்வளவு காலம் சுமக்க முடியும்? 2013இல் ஒபேரா தனது சொந்த இயந்திரத்தையே கைவிட்டு, கூகிளின் குரோமியத்திற்கு மாறியது. சுதந்திரமாக இயங்கிய உலாவி இயந்திரங்களில் ஒன்று அதனுடன் குறைந்தது.

திருத்தும் வழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை. சபாரிக்கு அடிப்படையான வெப்கிட்டின் மூலநிரலில் பிரபல தளங்களின் பெயர்கள், அவற்றுக்கான விசேட ஏற்பாடுகளுடன் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பயர்பொக்ஸ் ஒருபடி மேலே சென்று, எந்தெந்தத் தளங்களில் தலையிடுகிறது என்பதைப் பயனரே பார்க்கவும் விரும்பினால் நிறுத்திவைக்கவும் ஒரு பக்கத்தை ஒதுக்கியுள்ளது.

திருத்தாவிட்டால் பயனர் உலாவியைத்தான் குறை கூறுவார். திருத்தினால் தளத்தை நடத்துபவர் தமது பிழையை என்றுமே அறியாதிருப்பார். பெயரில்லாத சிறிய தளங்களுக்கோ இத்தகைய சலுகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே மௌனமாகத் திருத்துவது உதவியே என்றாலும், திருத்தியதைப் பகிரங்கமாகப் பதிந்துவைப்பதே நேர்மையான உதவியாகும்.