பனிச்சிறுத்தை

பனிச்சிறுத்தை நடு, தெற்கு ஆசியாவின் உயர்மலைகளில் வாழும் பெரும்பூனை. அறிவியல் பெயர் பாந்தெரா அன்சியா. இந்தியா, நேபாளம், பூட்டான், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, மங்கோலியா, ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய 12 நாடுகளில் காணப்படுகிறது. லடாக்கில் இதை ஷான் என்பார்கள். பெயரில் சிறுத்தை என்று இருந்தாலும், மரபணு ஆய்வுகளின்படி இதற்கு மிக நெருங்கிய உறவு புலி.

ஜெர்மானிய இயற்கையியலாளர் ஷ்ரேபர் 1775-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். காட்டில் உலவும் பனிச்சிறுத்தை ஒளிப்படத்தில் சிக்குவதற்கு அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தன. விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் 1970-இல் பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில் எடுத்த படங்களே வெளியான முதல் படங்கள். 1973-இல் ஷாலரோடு நேபாளத்தின் டோல்போ பகுதிக்கு நடந்த எழுத்தாளர் பீட்டர் மத்தீசன், இவ்விலங்கின் பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற பயண நூலை எழுதினார். ஆனால் அந்தப் பயணத்தில் அவர் கண்ணுக்கு ஒரு பனிச்சிறுத்தையும் படவில்லை.

இவ்வளவு அரிதாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் அதன் கூச்சம் மட்டுமல்ல. அது வாழும் நிலம் வறியது. மழை குறைவு, புல் குறைவு, புல் மேயும் ஆடுகளும் குறைவு. ஒரு விலங்கு பசியாற மிகப் பெரிய பரப்பு வேண்டியிருக்கிறது. பனிச்சிறுத்தையின் உடல், வேட்டை, குட்டி வளர்ப்பு, மனிதரோடு அதற்குள்ள பிணக்கு எல்லாமே இந்த வறுமையிலிருந்துதான் தொடங்குகின்றன.

உடலமைப்பு

வளர்ந்த பனிச்சிறுத்தை 22 முதல் 55 கிலோ வரை எடையிருக்கும். ஆண் பெண்ணைவிடப் பெரியது. கால்கள் குட்டை, பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம் என்பதால் பாறைக்குப் பாறை தாவுவது எளிது. அகன்ற பாதங்களின் அடியிலும் ரோமம் உண்டு. மென்பனியில் புதையாமல் நடக்க அது உதவுகிறது. மூக்குக் குழி பெரியது. குளிர்ந்த, அடர்த்தி குறைந்த மலைக்காற்று நுரையீரலை அடையுமுன் அங்கே வெதுவெதுப்பாகிறது. வயிற்றுப் பக்கத்து ரோமம் 12 செ.மீ. வரை நீளும்.

வால் 80 முதல் 105 செ.மீ. வரை இருக்கும். தலையும் உடலும் சேர்ந்த நீளத்தோடு ஒப்பிட்டால் இவ்வளவு நீண்ட வால் வேறு எந்தப் பெரும்பூனைக்கும் இல்லை. செங்குத்தான சரிவில் சட்டென்று திரும்பும்போது உடலை நிலைநிறுத்துவது இந்த வால்தான். உறங்கும்போது அதையே சுருட்டி முகத்தை மூடிக்கொள்ளும். புகைச் சாம்பல் நிறத் தோலில் கருமையான வளையங்கள் கலங்கலாகப் பரவியிருக்கும். வெயிலும் நிழலும் கலந்த பாறைச் சரிவில் அது அசையாமல் படுத்துவிட்டால், சில பத்து மீட்டர் தொலைவில் நிற்பவருக்கும் தெரியாது.

சிங்கத்தையும் புலியையும் போல இது கர்ஜிப்பதில்லை. இணைசேரும் பருவத்தில் நீண்ட ஓலமிடும். தன்னினத்தாரை அருகில் சந்திக்கும்போது மூக்கால் மென்மையாகச் செருமும்.

தடங்களும் எல்லைகளும்

இமயமலையில் பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேல் வாழ்கிறது. கோடையில் 5,000 மீட்டரையும் தாண்டி ஏறும். வடக்கே அல்தாய், கோபி மலைகளில் 1,000 மீட்டர் அளவிலான உயரத்திலும் உண்டு. மரமடர்ந்த காடு இதற்கு ஒவ்வாது. பிளந்த பாறைகள், மலைமுகடுகள், செங்குத்துச் சரிவுகள், இடையிடையே புல்வெளி: அதுதான் இதன் இருப்பிடம். அந்திப்பொழுதிலும் விடியற்காலையிலும் மிகுதியாக நடமாடும்.

தாயும் குட்டிகளுமாக இருக்கும் காலம் தவிர, இது தனித்தே வாழ்கிறது. ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்வது பாறைகளின் வழியாக. முகட்டுப் பாதையிலோ பள்ளத்தாக்கின் ஓரத்திலோ முன்னோக்கிச் சாய்ந்த ஒரு பெரும்பாறையைத் தேடி அதன் அடியில் போய் நின்று பார்த்தால் இது விளங்கும். பாறையின் உட்புறம் விலங்கின் முகவுயரத்தில் எண்ணெய் பிசுக்கோடு கறுத்திருக்கும். கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்த கறுப்பு அது. சில ரோமங்கள் ஒட்டியிருக்கும். மழை படாத அந்த இடத்தில் பீய்ச்சிய சிறுநீரின் நெடி வாரக்கணக்கில் நிற்கும். கீழே, பின்னங்கால்களால் மண்ணைப் பறித்த ஒரு சாண் நீளக் குழி; அதன் ஒரு முனையில் சிறு மண்குவியல். ஒரே பாறைக்கு வெவ்வேறு விலங்குகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. தானியங்கிக் கேமராவை ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பாறைகளைப் பார்த்துத்தான் பொருத்துகிறார்கள்.

ஆய்வாளர் ராட்னி ஜாக்சன் 1982-இல் நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் முதன்முதலாக ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்திப் பின்தொடர்ந்தபோது, ஒரு விலங்கின் நடமாட்ட எல்லை 12 முதல் 39 சதுர கி.மீ. வரை என்று கணக்கிட்டார். மலை மறைத்தால் ரேடியோ அலை கிடைக்காது. எனவே அது குறைவான கணக்கு. பின்னாளில் மங்கோலியாவின் தென்கோபியில் உள்ள டோஸ்ட் மலைகளில் ஜிபிஎஸ் பட்டைகள் உண்மையைக் காட்டின: ஆணுக்குச் சராசரி 207 சதுர கி.மீ., பெண்ணுக்கு 124. அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. பனிச்சிறுத்தை வாழும் பகுதிகளில் உள்ள 170 காப்பகங்களில் 40 விழுக்காடு, ஒரே ஒரு ஆண் விலங்கின் எல்லையைவிடச் சிறியவை. பனிச்சிறுத்தையைப் பற்றி இதுவரை தெரியவந்தவற்றில் இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை என்று சொல்லலாம். வேலிக்குள் அடைத்துக் காக்கக்கூடிய விலங்கல்ல இது. அது வாழ்வது மேய்ப்பர்களின் நிலத்தில்.

வேட்டை

இமயமலையிலும் திபெத்திலும் முதன்மை இரை பாரல் எனப்படும் நீலச்செம்மறி. மற்ற இடங்களில் ஐபெக்ஸ் என்னும் நீள்கொம்புக் காட்டாடு. கோடையில் மர்மோட் என்னும் பெரிய தரையணில், முயல், பனிக்கோழி போன்றவையும் சேரும். பசுந்தழையும் சுள்ளியும் எச்சத்தில் அடிக்கடி காணப்படுகின்றன.

மேலிருந்து கீழ்நோக்கித் தாக்குவதே இதன் முறை. பாறைகளின் மறைவில் அங்குலம் அங்குலமாக நெருங்கி, சரிவில் பாய்ந்து இறங்கும். இரையைப் பற்றியபடியே சரிவில் பல மீட்டர் உருண்டு விழுந்தும் பிடியை விடாத காட்சிகள் படம்பிடிக்கப்பட்டிருக்கின்றன. தன் எடையைப்போல் மூன்று மடங்கு உள்ள ஆட்டையும் வீழ்த்தும். வீழ்த்திய இரையை விட்டு அகலாமல் சில நாள்கள் அங்கேயே தங்கி உண்ணும். டோஸ்ட் மலைகளில் ஒரு விலங்கு சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு பெரிய இரையைக் கொன்றது. அங்கே வளர்ப்பு ஆடுகள் காட்டாடுகளைவிடப் பல மடங்கு அதிகம்; ஆனாலும் அது கொன்றவற்றில் 73 விழுக்காடு காட்டு விலங்குகளே.

மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். இது மனிதரைக் கொன்றதாக உறுதிப்பட்ட பதிவு எதுவும் இல்லை.

இனப்பெருக்கம்

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும். சினைக்காலம் ஏறத்தாழ 95 முதல் 105 நாள். குளிர்கால உறக்கம் முடிந்து மர்மோட்டுகள் வெளிவந்து, காட்டாடுகளும் குட்டிபோடும் கோடைத் தொடக்கத்தில் பாறைக் குகையில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். ஏறத்தாழ அரைக் கிலோ எடைதான் இருக்கும். ஒரு வாரத்தில் கண் திறக்கும். ஆண் விலங்கு வளர்ப்பில் பங்கு கொள்வதில்லை. ஒன்றரை ஆண்டுக்குமேல் தாயோடு திரிந்து வேட்டை பழகியபின் குட்டிகள் பிரியும். குட்டிகளோடு காட்டுக் குகைகளில் இருந்த தாய்களை முதன்முதலாகப் படம்பிடித்தது 2012-இல், அதே டோஸ்ட் மலைகளில்.

மேய்ப்பர்களும் பனிச்சிறுத்தையும்

கோடையில் லடாக் மக்கள் தங்கள் ஆடுகளோடும் யாக்குகளோடும் டோக்சா எனப்படும் மேட்டு மேய்ச்சல் நிலங்களுக்குப் போகிறார்கள். இரவில் ஆடுகளை அடைக்கும் கல்பட்டிகளின் சுவர் பெரும்பாலும் இடுப்பளவுதான். உள்ளே குதித்த பனிச்சிறுத்தையைக் கண்டு ஆடுகள் மிரண்டு ஓடும். ஓட வழியில்லாத இடத்தில் அது அசைந்ததையெல்லாம் கடிக்கும். ஒரே இரவில் பல ஆடுகளை இழந்த குடும்பம் அந்த ஆண்டின் வருமானத்தையே இழக்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்புத் திட்டம் எதுவும் இம்மலைகளில் நிலைக்காது.

பலன் தந்த தீர்வுகள் எளியவை. பட்டியின் மேலே மரச்சட்டமிட்டுக் கம்பிவலை போர்த்தி, கதவை இடுக்கில்லாமல் பொருத்தினால் பனிச்சிறுத்தை உள்ளே நுழைய முடியாது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பகுதியிலுள்ள கிப்பர் கிராமத்தார் 1998-இல் தங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டாடுகளுக்கென ஒதுக்கினார்கள், பாரல்கள் பெருகின. 2002 முதல் அவர்களே கால்நடைக் காப்பீட்டையும் நடத்துகிறார்கள். லடாக்கில் ரிஞ்சன் வாங்சுக் போன்றோர் ஹெமிஸ் தேசியப் பூங்காவின் ஊர்களில், விருந்தினர் ஊராரின் வீடுகளிலேயே தங்கும் வீட்டுத் தங்கலை வளர்த்தெடுத்தார்கள். ரும்பக் போன்ற ஊர்களில் இன்று பனிச்சிறுத்தையைக் காண வரும் விருந்தினர் குளிர்கால வருமானத்துக்கு வழி.

எண்ணிக்கை

இந்தியாவின் முதல் முழுமையான கணக்கெடுப்பு 2019 முதல் 2023 வரை நடந்தது. 2024 ஜனவரியில் வெளியான முடிவின்படி நாட்டில் 718 பனிச்சிறுத்தைகள்: லடாக்கில் 477, உத்தராகண்டில் 124, இமாச்சலப் பிரதேசத்தில் 51, அருணாசலப் பிரதேசத்தில் 36, சிக்கிமில் 21, ஜம்மு-காஷ்மீரில் 9. இவற்றில் படங்களால் தனித்தனியே அடையாளம் காணப்பட்டவை 241. மற்றவை புள்ளியியல் மதிப்பீடு.

இந்த அடையாளம் காணலில் சிக்கல் உண்டு. தோல் வளையங்களின் அமைப்பு விலங்குக்கு விலங்கு மாறும் என்றாலும், அடர்ந்த குளிர்கால ரோமம் அதைக் குலைத்துவிடும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே யார் யாரென்று தெரிந்த விலங்கியல் பூங்கா விலங்குகளின் படங்களை ஆய்வாளர்களிடம் தந்து பிரிக்கச் சொன்னபோது, ஒரே விலங்கை இரண்டாக எண்ணும் பிழைகளால் மதிப்பீடு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுசிஎன், வளர்ந்த விலங்குகள் உலகில் 2,710 முதல் 3,386 வரை இருக்கலாம் என்று கணித்து, 2017-இல் இதை அருகிவரும் இனம் என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கி அழிவாய்ப்புள்ள இனம் என வகைப்படுத்தியது. போதிய தரவின்றி எடுத்த முடிவு என்று ஆய்வாளர் பலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமிருந்தது.

அச்சுறுத்தல்கள்

வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் 2016 அறிக்கை, 2008 முதல் ஆண்டுதோறும் 221 முதல் 450 பனிச்சிறுத்தைகள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது. அதில் பாதிக்குமேல் கால்நடை இழப்புக்குப் பழிவாங்கும் கொலைகள். இந்தியாவில் இதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடமுண்டு. 12 நாடுகளும் 2013 அக்டோபர் 23 அன்று கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் கூடிப் பொதுவான பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தன. அந்நாளே உலகப் பனிச்சிறுத்தை நாள்.

பஷ்மினா கம்பளிக்காகப் பெருகும் ஆட்டு மந்தைகள் காட்டாடுகளின் புல்லைக் குறைக்கின்றன. சாலைகளும் சுரங்கங்களும் எல்லைகளைத் துண்டாடுகின்றன. வெப்பம் கூடி மரங்கள் மேலேறினால் திறந்த சரிவுகள் சுருங்கும். லடாக்கிலும் ஸ்பிட்டியிலும் ராணுவ முகாம்கள், சுற்றுலா ஊர்கள் ஆகியவற்றின் குப்பையில் பெருகிய தெருநாய்கள் கூட்டமாக மலையேறி பாரல்களைத் துரத்துகின்றன. பனிச்சிறுத்தை வீழ்த்திய இரையிலிருந்து அதை விரட்டியும் விடுகின்றன. குப்பையை ஒழுங்குபடுத்துவதும் நாய்களுக்குக் கருத்தடை செய்வதும் இப்போது இந்த மலைப்பகுதிகளில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பின் பகுதியாகிவிட்டன.