கண்புரையும் கணக்கும்: கெய்ரோவிலிருந்து ஒரகடம் வரை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும், அவற்றுக்குத் தெற்கே ஒரகடமும் இன்று ஆலைகளின் நிலமாகிவிட்டன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. முதலாவது ஆலை திறந்தபோது இருபத்தைந்து வயதில் பணியேறிய இளைஞர் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் களைய விரும்பி லேசர் சிகிச்சை செய்துகொண்ட முதல் தலைமுறையும் இதுவேயாகும். அத்தலைமுறை இன்று கண்புரையின் வயதை எட்டுகிறது. ஒருமுறை திருத்தப்பட்ட கண்ணுக்குள் எந்தப் பவருள்ள லென்ஸைப் பொருத்துவது? இவ்வினா புதியது, ஆனால் அதன் வேர் ஆயிரம் ஆண்டு பழையது.

அரபு மருத்துவர்கள் கண்புரையை 'நுஸூலுல் மா', அதாவது நீர் இறங்குதல் என்றழைத்தனர். கண்மணிக்கும் வில்லைக்கும் இடையே தீய நீர் இறங்கி உறைகிறது என்பது கிரேக்கரிடமிருந்து அவர்கள் பெற்ற கருத்து. இச்சொல்லே லத்தீனில் அருவியைக் குறிக்கும் 'கேடராக்டா' ஆயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் 'கேடராக்ட்' அதன் வழிவந்தது.

ஃபாத்திமியக் கலீபா அல்ஹாகிமின் ஆட்சிக்காலத்தில் (996–1021) எகிப்தில் இரு பேரறிஞர்கள் வாழ்ந்தனர். ஒருவர் மோசுலில் பிறந்த கண் மருத்துவர் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ. மென்மையான புரையை உள்ளீடற்ற ஊசியால் உறிஞ்சியெடுக்கும் முறையைத் தம் நூலில் விவரித்ததோடு, தாம் சிகிச்சை அளித்த நோயாளிகளின் வரலாற்றையும் அவர் எழுதிவைத்தார். மற்றவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று 'கிதாபுல் மனாழிர்' நூலில் அவர் நிறுவினார். ஆயினும் பார்வையுணர்வு வில்லையிலேயே பிறக்கிறது என்றுதான் அவரும் கருதினார். பிம்பம் விழித்திரையில் விழுகிறது என்பதைக் கெப்ளர் 1604இல் விளக்கிய பிறகே வில்லையின் உண்மைப் பணி தெளிவாயிற்று. ஒருவர் கத்தியின் கலையை வளர்த்தார். மற்றவர் ஒளியின் கணக்கை வளர்த்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் நிலை உருவாக ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின.

அந்நிலையை உருவாக்கியவர் லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. உலகப் போரில் விமானிகளின் கண்ணுள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகளைக் கண் பெரும்பாலும் வெறுப்பின்றி ஏற்றதைக் கண்ட அவர், 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் புரையை அகற்றி, அப்பொருளால் செய்த லென்ஸைப் பொருத்தினார். கண் அதை ஏற்றது, கணக்கோ தவறியது. அந்நோயாளிக்கு மிகக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. இயற்கை வில்லையின் வடிவத்தைப் பின்பற்றிய அவர்கள், பெர்ஸ்பெக்ஸ் ஒளியை அதனினும் மிகுதியாக வளைக்கும் என்பதைப் போதிய அளவு கருதவில்லை. லென்ஸின் தேர்வு கைத்திறனோடு முடிவதில்லை, கணிதத்தையும் வேண்டி நிற்கிறது என்பது அன்றே விளங்கிற்று. பிற்காலத்தில் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து பவரைக் கணிக்கும் சூத்திரங்கள் தோன்றின; 1980இல் வெளிவந்த எஸ்.ஆர்.கே. சூத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவ அமைப்பு தொடங்கிய ஆரோலேப், எளியோருக்கும் எட்டும் விலையில் லென்ஸ்களைத் தயாரித்தது.

இதே காலத்தில் மற்றொரு வழி திறந்தது. சென்னையில் 1929இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில், எக்ஸைமர் லேசர் திசுவைச் சுடாமல் நுண்ணளவில் செதுக்கும் என்பதை 1981இல் தம் தோழர்களுடன் கண்டறிந்தார். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீவன் டிரோக்கலுடன் இணைந்து அதைக் கருவிழியில் ஆய்ந்தார். லாசிக் உள்ளிட்ட சிகிச்சைகள் அதன் விளைவே. கிட்டப்பார்வையுள்ள கண்ணில் கருவிழியின் நடுப்பகுதி தட்டையாக்கப்படுகிறது, கண்ணாடி தேவையற்றதாகிறது.

இடர் எழுவது இங்கேதான். வழக்கமான கெரட்டோமீட்டர் கருவிழியின் முன்வளைவை மட்டுமே அளக்கிறது. பின்வளைவு இயல்பான விகிதத்தில் இருக்கும் எனக் கொண்டு, 1.3375 என்னும் ஒளிவிலகல் எண்ணைக் கையாள்கிறது. லேசர் முன்வளைவை மாற்றியிருக்க, பின்வளைவு பழையபடியே நிற்பதால் அவ்விகிதம் குலைந்துவிடுகிறது. மேலும் கருவி அளப்பது நடுவைச் சுற்றிய வளையத்தையே; மிகவும் தட்டையான நடுப்பகுதி அதற்குத் தப்பிவிடுகிறது. மூன்றாவதாக, பல சூத்திரங்கள் தட்டையான கருவிழியைக் கண்டு, பொருத்தப்படும் லென்ஸ் முன்தள்ளி அமரும் எனத் தவறாக ஊகிக்கின்றன. மூன்று பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்து, வேண்டியதைவிடக் குறைந்த பவரைக் காட்டுகின்றன. அறுவைக்குப்பின் நோயாளிக்குத் தூரப்பார்வைக் குறை எஞ்சுகிறது. அவர் அண்மையிலும் சேய்மையிலும் தெளிவிழக்கிறார். நுண்ணளவு பார்த்துப் பிழைப்போர்க்கு இது சிறு இழப்பன்று.

ஆகவே மருத்துவர்கள் ஹைகிஸ்-எல், பாரெட் ட்ரூ-கே போன்ற தனிச் சூத்திரங்களை ஒப்புநோக்குகின்றனர். பின்வளைவையும் அளக்கும் டோமோகிராபிக் கருவிகளைக் கையாள்கின்றனர். சிறிது கிட்டப்பார்வை எஞ்சும்படி இலக்கு வைப்பதும் உண்டு. பல குவியங்களுள்ள லென்ஸ், திருத்தப்பட்ட கருவிழியில் ஒளிச்சிதறலையும் மங்கலையும் மிகுவிக்கக்கூடுமாதலால், ஒற்றைக் குவிய லென்ஸே பலருக்கு ஏற்றது. லேசருக்கு முன் வழங்கிய கத்திக்கீறல் முறைக்குட்பட்ட கண்களில் பார்வை காலைக்கும் மாலைக்கும் மாறுவதால், அங்கே கூடுதல் பொறுமை வேண்டும். பொருத்திய பின் புறஊதா ஒளியால் பவரைத் திருத்தக்கூடிய லென்ஸுக்கு அமெரிக்கா 2017இல் ஏற்பளித்தது. எனினும் எம்முறையும் பிழையை முற்றாக ஒழித்துவிடவில்லை.

இப்னுல் ஹைதம் தாலமியின் கூற்றுகள் மீது ஐயங்களை எழுப்பித் தனி நூலே எழுதினார். கருவி காட்டும் எண்ணையும் அவ்வாறே ஐயுற வேண்டியுள்ளது. தீண்டப்படாத கண்ணுக்கென வகுத்த கணக்கு, தீண்டப்பட்ட கண்ணுக்கு அப்படியே பொருந்தாது. பிழையைத் தவிர்க்க முதலில் வேண்டுவது, அக்கண்ணின் கடந்தகாலம் பற்றிய அறிவு. அம்மார் தம் நோயாளிகளின் வரலாற்றை எழுதிவைத்தது போல, லேசர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை நாமும் பேணிவைக்க வேண்டும். "முன்பு கண்ணில் ஏதேனும் சிகிச்சை செய்தீர்களா?" என்று கேட்பது மருத்துவரின் கடன், கேட்குமுன் சொல்வது நோயாளியின் கடன். கண் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் வரலாறு எழுதப்பட்ட அந்தப் பழைய தாளும் அவ்வமானிதத்தின் ஒரு பகுதியே.